சுல்தான் காசுக்கு வளையம் வைத்தவர்கள்

என் அண்ணன் மகளின் கல்யாண வரவேற்பில், மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் கழுத்தில் என் காசுகள் தொங்குவதைப் பார்த்தேன். முதலில் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் காசு மாலை போடாத மணப்பெண் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் போட்டோகிராபர் அவளை விளக்குக்கு நேராகத் திரும்பச் சொன்னார். அவள் திரும்பியபோது நடுவில் தொங்கிய காசில் அந்தச் சுருள் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

பரிசு கொடுக்க நின்றவர்களின் வரிசையைத் தாண்டிக்கொண்டு மேடை ஏறினேன். "அத்தை, வாங்க, எங்கூட ஒரு போட்டோ" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்து மாலையைத் தொட்டேன். நடுவில் ஐந்து காசுகள். அவற்றுக்கு இருபுறமும் கடையில் அச்சடித்து விற்கும் புதிய லட்சுமி காசுகள். என் காசுகள் ஐந்தின் தலையிலும் ஒவ்வொரு வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அதோடு விடவில்லை. புதிய காசுக்கு நிறம் பொருந்த வேண்டுமென்று அவற்றுக்கும் பாலிஷ் போட்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் மனிதர்களின் கை பட்டுப் பட்டு ஏறியிருந்த அந்தத் தேன் நிறம் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

அந்தப் போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. அத்தைக்காரி மணப்பெண்ணின் நகையைத் தூக்கிப் பிடித்து வியந்து பார்ப்பது போலத் தெரியும். என் வாய்கூட லேசாகத் திறந்திருக்கும்.

அந்தக் காசுகள் எனக்கு எப்படி வந்தன என்று சொன்னால்தான் என் கோபம் புரியும்.

நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பல வருஷங்களுக்கு முன்னால் இஸ்தான்புல்லிலிருந்து ஒரு பையர், எங்களிடம் சரக்கு வாங்குகிறவர், வந்தார். டி-சர்ட்டின் மார்பில் ஒரு பெரிய பிரிண்ட் வேண்டும் என்றார். மூன்று நீளக் கோடுகள் மேலே எழும்பி, இடப்பக்கம் இரண்டு பெரிய வளைவுகளாகச் சுற்றி, அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுத்துகள் அடுக்கிய ஒரு சித்திரம். எங்களுக்கு அது டிசைன், அவ்வளவுதான். பிரிண்டிங் யூனிட்டில் பிலிமைப் புறம் மாற்றிப் போட்டு ஸ்கிரீன் எடுத்துவிட்டார்கள். இடம் வலமாகிவிட்டது. கட்டிங், பிரிண்டிங், செக்கிங் என்று எத்தனை பேர் கையில் போனது! ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். சேம்பிள் திரும்பி வந்தது. "எங்கள் சுல்தானின் கையெழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல அடித்திருக்கிறீர்கள்" என்று பையர் எழுதியிருந்தார். மானேஜர் என்னை நிற்கவைத்துக் கத்தினார்.

அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு எங்களுக்கு பட்டனும் லேபிளும் சப்ளை செய்யும் பாய் கடைக்குப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நாங்க ஓதற எழுத்துத்தானுங்க. ஆனா இப்படிச் சுத்திச் சுத்தி எழுதிப்போட்டா எனக்கே படிக்கத் தெரியலீங்க. நீங்க உள்பக்கமாத் திருப்பி வெளிச்சத்துல காட்டுங்க, பாக்கலாம்."

திருப்பிக் காட்டினேன். "இப்பத் தெரியுது பாருங்க, கான்னு ஒரு வார்த்தை" என்று ஒரு மூலையைத் தொட்டார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் இருந்தது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் கையெழுத்துக்குத் துக்ரா என்று பெயர். ஒவ்வொரு உஸ்மானிய சுல்தானுக்கும் ஒவ்வொரு துக்ரா. அதைத் தங்கக் காசுகளில் அடித்தார்கள் என்று படித்ததும் ஒரு காசையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கோயம்புத்தூரில் நாணயக் கண்காட்சி நடந்தபோது போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நகைக்கு மாடல் பாக்கறீங்களா மேடம்? சார் வரலீங்களா?" என்றார். சார் என்று யாரும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் முதல் காசை நான் என் போனஸில் வாங்கினேன்.

பன்னிரண்டு வருஷத்தில் ஏழு காசுகள் சேர்த்தேன். அதற்குமேல் என்னால் முடியாது, அவசரமும் இல்லை. ஐந்து காசுகள் கனமானவை, ஏறக்குறைய நம் ஒரு பவுன் அளவு. பின்பக்கம் இலைவளையத்துக்குள், கான்ஸ்டான்டிநோபிளில் அடித்தது என்ற வாசகமும் சுல்தான் பட்டமேறிய வருஷமும் இருக்கும். முன்பக்கம் துக்ராவுக்குக் கீழே அவருடைய ஆட்சியில் அது எத்தனையாவது வருஷம் என்ற எண். இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் காசு பிறந்த ஹிஜ்ரி வருஷம் கிடைக்கும். முதல்முறை இந்தக் கணக்கை ஆபீஸ் மேசையில் போட்டு விடை வந்தபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மேடம் இப்படிச் சிரிக்கறீங்க?" என்றாள்.

மீதி இரண்டும் இன்னும் பழையவை. காகிதம்போல மெல்லிசு. வட்டம்கூடச் சரியான வட்டம் இல்லை. அதிலொன்றில் பாய் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னார்: மிஸ்ர். எகிப்து. கெய்ரோவில் எவனோ ஒருவன் சுத்தியலை ஓங்கி அடித்த அடி அந்தக் காசில் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதிந்திருந்தது. அதைத் துணியின் ஜிஎஸ்எம், அதாவது கனம், பார்க்கும் தராசில் எடைபோட்டு நோட்டில் எழுதிவைத்தேன். ஏழு காசுக்கும் ஏழு பக்கம். எங்கே வாங்கினேன், எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது, விளிம்பில் எங்கே அடிபட்டிருக்கிறது எல்லாம் அதில் உண்டு.

காசுகள் பாங்க் லாக்கரில் இருந்தன. லாக்கர் என் பெயரிலும் அண்ணி பெயரிலும். "ஒத்தைப் பேருல எதுக்கு அம்மிணி, நாளைக்கு ஒண்ணுன்னா சிரமம்" என்று அண்ணன்தான் அப்படி எழுதவைத்தார். அப்பா போன பிறகு அண்ணன் வீட்டு மாடியில்தான் இருந்தேன். மறுக்க ஒரு காரணமும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

மேடையிலிருந்து இறங்கி நேராகப் பந்தி நடக்கும் இடத்துக்குப் போனேன். அண்ணி இலை போட்ட வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டுப்புடவையும் வியர்வையுமாக இருந்தார்.

"அண்ணி, என்ற காசை எடுத்தீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து, "அந்தப் பக்கம் ரசம் வரலீங்க" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு முகூர்த்தம் அம்மிணி. இப்பப் பேசற பேச்சா இது? மாப்பிள்ளை ஊட்டுல எல்லாரும் நிக்கறாங்க. நல்லா இருக்குதில்ல கழுத்துல? அதைச் சொல்லு."

நல்லா இருக்கிறதாம்.

அன்று நான் பேசாமல் இருந்தேன். மறுநாள் முகூர்த்தத்திலும் அட்சதை தூக்கிப் போட்டேன், ஆட்களை வரவேற்றேன், சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். கோபம் என்றால் கத்துவது, பாத்திரத்தை எறிவது என்று நினைத்திருந்தேன். இந்தக் கோபம் வேறுமாதிரி இருந்தது. கை கால் எல்லாம் நிதானமாக வேலை செய்தது. தாடை மட்டும் இறுகிப்போய், சாயங்காலம் பல் வலித்தது.

கல்யாணம் முடிந்த அடுத்த நாள் லாக்கரைத் திறந்து பார்த்தேன், ஏழில் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து நகை செய்த பத்தரைத் தேடிப் போனேன். தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் சின்னப் பட்டறை. அண்ணனுக்குப் பழக்கமானவர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தக் காசு உங்களுதுங்களா அம்மிணி?"

"ஆமாங்க."

"நான் கேட்டனுங்க. பழைய காசாட்ட இருக்குதுங்க, எழுத்து ஒரு மாதிரி இருக்குது, யோசிச்சுச் செய்யுங்கன்னு ரெண்டு தடவை சொன்னனுங்க. அவங்க, ஊட்டுக் காசுதான், பத்த வைங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

"அஞ்சுதான் மாலையில இருக்குது. இன்னும் ரெண்டு?"

 அவர் மேசையிலிருந்த சிமிட்டாவை, அந்தச் சின்ன இடுக்கியை, எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அது ரெண்டும் ரொம்ப மெல்லிசுங்க. வளையம் வெச்சுச் சூடு காட்டுனா தாங்காது. தாலிக்கொடிக்கு எடை கொஞ்சம் பத்தலைன்னாங்க. அதுல சேத்தியாச்சுங்க."

எனக்குப் புரியவே சில நொடிகள் ஆயின. கெய்ரோவில் அடித்த காசு உருகிக் கம்பியாகி என் அண்ணன் மகளின் தாலிக்கொடியில் எங்கேயோ இருக்கிறது. எந்தக் கண்ணியில் என்று பத்தருக்கே தெரியாது. அதை யாரிடம் போய்க் கேட்பது? கழுத்திலேறிய தாலிக்கொடியைக் கழற்று என்று கேட்கிற பெண் யார்? அண்ணி அதையும் யோசித்துத்தான் செய்தாரோ என்று அந்தப் பட்டறை வாசலில் நின்று யோசித்தேன். இல்லை, யோசித்திருக்கமாட்டார். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. யோசிக்கும் அளவுக்கு அது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

பத்தர் வாசல்வரை வந்தார். "மன்னிச்சுக்குங்க அம்மிணி" என்றார். இந்த விவகாரம் முழுக்க என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானமே அண்ணனிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல அண்ணா?"

"கேட்டா நீ குடுத்திருக்கமாட்டே."

"அப்ப குடுக்கமாட்டேன்னு தெரிஞ்சேதான் எடுத்தீங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எதுக்கு அம்மிணி இத்தனை கோவம்? யாருக்குப் போட்டோம்? தூக்கி வளர்த்த புள்ளைக்குத்தானே? உனக்கப்பறம் இதெல்லாம் யாருக்கு வரப்போவுது? எப்பிடியும் அவளுக்குத்தான்."

"எனக்கப்பறம்னா நான் செத்தப்பறம் அண்ணா. நான் இன்னும் சாகலை."

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "பழனியாண்டவன் சத்தியமாச் சொல்றேன், உன்ற தங்கத்துல ஒரு குண்டுமணி நான் வெச்சுக்கமாட்டேன். எடைக்கு எடை வாங்கிக் குடுத்துப்போடறேன். போதுமா?"

சொன்னபடியே செய்தார். இரண்டு நாளில் நகைக்கடைப் பெட்டி ஒன்று மாடிப்படியில் இருந்தது. உள்ளே ஏழு புதுக்காசுகள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், பின்னால் கடைப் பெயரோடு. எடை என் காசுகளைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. அண்ணன் நாணயமான மனுஷன். தொழிலில் யாரையும் ஏமாற்றியதில்லை. அதனால்தான் அவரிடம் பேச முடியவில்லை. தங்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன கத்துகிறாள் என்று அவர் உண்மையாகவே திகைத்தார். நான் அந்தப் பெட்டியை அவர் மேசைமேலேயே கொண்டுபோய் வைத்தேன்.

கம்பெனியில் சிலர் போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சொந்த அண்ணிமேல் கேஸா, வெளியே தெரிந்தால் கேவலம் என்றார்கள் சிலர். பாய் கடைக்குப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"வளையம் வெச்ச இடத்துல எழுத்து அழிஞ்சு போச்சுங்களா?"

அவர் கடையில் வைத்துத்தான் நான் அழுதேன். எழுத்தைப் பற்றி வேறு யாரும் கேட்கவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, அக்கா எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணி காலையிலிருந்து என்னை அடுக்களையிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதை அரை, இதை நறுக்கு. பெண் காசு மாலையோடுதான் வந்திறங்கினாள். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். இதைத் தனியாகக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. பிறகு பார்க்கலாம், ஆடி போகட்டும், தலைப்பிரசவம் ஆகட்டும் என்று நாள் போயிருக்கும். எங்கள் வீட்டில் என் விஷயங்கள் எல்லாம் அப்படித்தான் போயின.

"கண்ணு, அந்த மாலையிலே நடுவுல இருக்கற அஞ்சு காசு அத்தையோடது. உன்ற அம்மா எங்கிட்டக் கேக்காம எடுத்துச் செஞ்சுபோட்டாங்க. எனக்கு அது வேணும்."

 அண்ணி அடுக்களை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன், "அம்மிணி, உள்ள போ" என்றார். நான் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் மகனைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "என்னுங்க சம்பந்தி இது?" என்றார்.

பெண்ணின் முகம் சிவந்து, கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.  இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்ற முயன்றாள். கொக்கி தலைமுடியில் சிக்கியிருந்ததால் கழற்ற வரவில்லை. கடைசியில் அந்த மாப்பிள்ளைதான், நேற்று வந்தவர், எழுந்து வந்து பின்னால் நின்று கழற்றிக் கொடுத்தார். அவள் அதை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கழுத்துச் சூடு இன்னும் அதில் இருந்தது.

அதற்காக நான் வெட்கப்படுகிறேன். அவளுக்காக மட்டும். மற்ற யாருக்காகவும் இல்லை.

பத்தர் ஐந்து வளையத்தையும் பதமாக அறுத்து எடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். லட்சுமி காசுகளை மாலையாகவே கோத்து அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். என் காசுகளின் உச்சியில் ஒரு பயறு அளவுக்குத் தழும்பு நின்றது. அந்தத் தழும்பு மூன்று காசுகளில் துக்ராவின் நீளக்கோடுகளின் நுனியைத் தின்றிருக்கிறது. கோயம்புத்தூர்க் கண்காட்சிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன், விற்க அல்ல, என்ன சொல்கிறார்கள் என்று கேட்க. லென்ஸை வைத்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வளையம் எடுத்த அடையாளம் இருக்குது. பாலிஷும் போட்டாச்சு. இதெல்லாம் இனிமே நகைக்காசுதான் மேடம். கலெக்ஷன்ல வராது. இத்தனை வருஷம் நல்லா வெச்சிருந்துட்டு ஏன் மேடம் இப்படிப் பண்ணுனீங்க?"

நான் பண்ணவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேசாமல் வாங்கி உறையில் போட்டுக்கொண்டேன். அந்த ஆளிடம் என் குடும்பத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவிநாசி தாண்டும்வரை மனசுக்குள் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் அனுப்பர்பாளையத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனேன். முதல் தளம், இரண்டு அறை, தண்ணீர் வசதி உண்டு. காலையிலிருந்து பக்கத்துத் தெருப் பட்டறைகளில் பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்கும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. லாக்கரிலிருந்து அண்ணி பெயரை எடுக்க இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அண்ணி வந்தார். பேனாவை என்னிடமிருந்து வாங்கவில்லை, கவுன்டரில் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "ஒரு சில்லறைக் காசுக்காக எம் புள்ளையைச் சம்பந்தக்காரங்க முன்னால அவமானப்படுத்திட்டே. நீ பெத்திருந்தாத் தெரியும்."

இந்த வார்த்தையை நான் எதிர்பார்த்திருந்தேன். வருஷக்கணக்காக அந்த வீட்டில் யாரோ ஒருவர் சொல்வதற்காக அது காத்திருந்தது.  நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் சில சமயம் வண்டி ஓட்டும்போது தோன்றும். சிக்னலில் நிற்கும்போது பதில்கள் வரிசையாக வரும். எல்லாம் நல்ல பதில்கள்.

ஊரில் கதை வேறுமாதிரிப் பரவியிருக்கிறது. கல்யாணப் பெண் கழுத்திலிருந்து நகையைப் பிடுங்கின அத்தை என்று என்னைச் சொல்கிறார்கள். ஒரு விசேஷத்தில் ஒரு அம்மாள் என்னைப் பக்கத்தில் இருந்தவருக்கு அப்படியே அறிமுகப்படுத்தினார், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துவைத்தேன். என்ன எடுத்தார்கள், யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்தனை பவுன் என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. நான் காபி போட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வீடு நல்லாருக்குது அத்தை" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தாள். நாத்தனார் வீட்டு விசேஷம் வருகிறதாம். மாமியார் அந்தக் காசு மாலை பேச்சை இன்னும் விடவில்லையாம். இருந்த நகையையும் பிடுங்கிக்கொண்டு விட்ட குடும்பம் என்று வருகிற போகிறவர்களிடம் சொல்கிறாராம்.

"ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் காசைக் கோத்துப் போட்டுக்கட்டுங்களா அத்தை? மறுநாளே நானே கொண்டாந்து தந்துடறேன். வளையம்கூட வேண்டாம், அப்பிடியே கம்பி மாதிரி ஏதாவது..."

"இல்ல கண்ணு. அது தரமாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கேட்டுவிட்டு வா என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மறுபடியும் அந்தப் பழைய கோபம் தாடையில் ஏறியது. அவள்மேல் இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தூது அனுப்புகிறவர்கள்மேல்.

எழுந்து உள்ளே போனேன். பீரோவில் என் அம்மாவின் வளையல் இரண்டு ஜோடி இருந்தது. கனமான, பழைய வேலைப்பாடு உள்ள வளையல்கள். கொண்டுவந்து அவள் கையில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். சோப்புத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை, அளவு சரியாக இருந்தது.

"அத்தை, இது அதைவிட எடை ஜாஸ்திங்களே!" என்றாள் திகைத்துப்போய்.

"ஆமா கண்ணு, ஜாஸ்திதான்" என்றேன். "உன்ற மாமியார்கிட்ட எத்தனை பவுன்னு சொல்லு. காபி ஆறிப்போவுது, குடி."